இப்ப சரியா இருக்கா, மச்சான்?

கதை விடுகிறான் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறோம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்... பேச்சை மாற்றுவார்கள். ஆனால் நடக்கவில்லை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, மழை, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, மணி இரண்டைத் தாண்டிய நேரம். எங்கள் தலைக்கு மேலே ஒரு செருப்புக் கடை. அங்கே ஆட்கள் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே, ஜன்னல் இல்லாத ரெக்கார்டிங் அறையில் நாங்கள்.

நான் பேஸ் கித்தார் வாசிப்பவன். நாலு தடித்த கம்பி. மேடையில் யாரும் எங்களைக் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்று திரும்பிப் பார்ப்பார்கள். பேஸ்காரனுக்கு ட்ரம்மர்தான் எல்லாம். அவர் காலால் உதைக்கும் பெரிய ட்ரம்மின் 'டும்' விழும் அதே நொடியில் என் கம்பியும் அதிர வேண்டும். அப்படி விழுந்தால் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும். விழாவிட்டால் பாட்டு நொண்டும்.

எங்கள் பேண்டின் ட்ரம்மர் என் அத்தான். அக்காவின் கணவர். என்னை அங்கே சேர்த்துவிட்டவரே அவர்தான்.

அவர் வாசிக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. சில ட்ரம்மர்கள் மாடிப்படியில் பாத்திரக் கூடையைக் கவிழ்த்தது போல வாசிப்பார்கள். அத்தான் அந்த ரகம் இல்லை. ஸ்டூலை ரொம்பவும் தாழ்த்தி வைத்து, ட்ரம்ஸுக்குள் புதைந்த மாதிரி உட்காருவார். ஆரம்பிக்கும் முன் ஸ்டூலை ஒரு தடவை முன்னால் இழுப்பார். 'சர்ர்...' அந்தச் சத்தம் கேட்டதும் நான் கம்பியில் விரல் வைத்துவிடுவேன். வலது கை சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், சீராக ஓடும். இடது கை முன்னால் இருக்கும் சின்ன ஸ்நேர் ட்ரம்மில் போடும் பலத்த அடி ஒரு இமைப்பொழுது தாமதமாக விழும். அந்தத் தாமதத்தில்தான் கேட்கிறவர்களின் தோள் ஆடும். இரண்டு பலத்த அடிகளுக்கு நடுவே அதே இடது கை, அந்த ட்ரம்மின் தோல் மேல் யாரோ ரகசியம் பேசுவது போலச் சின்னச் சின்னதாய்த் தட்டிக்கொண்டே இருக்கும். அது தனியாகக் காதில் விழாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு வெறும் எலும்பு.

"நம்மள யாரும் பாக்க வேணாம் மச்சான். அவங்க காலு ஆடுனா போதும்" என்பார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதற்றம் வந்தால் ஓடிவிடுவேன். தாளத்துக்கு முன்னால் ஓடுவேன். வேறு ட்ரம்மராக இருந்தால் பிடிவாதமாகத் தன் இடத்திலேயே நிற்பார். பாட்டு இரண்டாகப் பிளக்கும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அத்தான் அப்படிச் செய்ததே இல்லை. நான் ஓடினால் கூடவே ஓடிவருவார். பிறகு பாட்டுக்கே தெரியாமல் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மேடையிலிருந்து இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி.

"இன்னிக்கு எந்த பஸ்ஸப் பிடிக்க ஓடின?"

அவ்வளவுதான். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

சம்பவத்துக்கு ஒரு வருஷம் முன்னால், ஒரு பெரிய ஹோட்டலில் நிரந்தரமாக வாசிக்க வாய்ப்பு வந்தது. ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். அதே செருப்புக் கடைக்குக் கீழேதான் பதிவு செய்தோம். எங்கள் லீடர் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். அவர், அத்தான், நான். மூன்றே பேர். அன்றைக்கு எனக்குக் கை வியர்த்தது. ஓடினேன். அத்தான் கூடவே வந்தார். திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார்... முடியவில்லை. நான் அவ்வளவு வேகம். பாட்டு முடியும்போது குதிரைப் பந்தயம் மாதிரி இருந்தது.

அத்தான் டீ வாங்க மேலே போயிருந்தார். லீடர் பதிவைப் போட்டுக் கேட்டார். முகம் கறுத்துவிட்டது.

"யாருடா ஓடுறது?"

பாட்டு ஓடினால் எல்லோரும் முதலில் ட்ரம்மரைத்தான் பார்ப்பார்கள். தாளம் அவர் பொறுப்பு. லீடர் கேட்டது என்னிடம். 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

"அத்தான்தான்" என்றேன். "கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. சொந்தமாச்சேன்னு சொல்லாம இருந்தேன்."

அந்த இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அத்தானை நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்தில் தாள மிஷின் வந்தது. அதை வைத்துத் திரும்பப் பதிவு செய்து அனுப்பினோம். ஹோட்டல் வேலையும் கிடைத்தது. அத்தான் ஒரு கோடவுனில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. சாப்பிடும்போது அத்தான் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்பார்.

"எனக்கு டைம் போயிடுச்சா மச்சான்? நீ பக்கத்துல நின்னு வாசிச்சவன். நீ சொல்லு."

நான் அக்காவிடம் தண்ணீர் கேட்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தாகம் எடுத்தது. வேலை முடிந்து வந்ததும் தாளம் காட்டும் மெட்ரோனோமை மேஜையில் வைத்து, அந்த 'டிக் டிக்'குக்கு இரண்டு பென்சிலால் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று அக்கா சொன்னாள். அதைக் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து கோடவுனில் ஒரு இரும்பு ரேக் சரிந்தது. அத்தான் அதற்கடியில் இருந்தார்.

கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க நான் கிட்டப் போகவில்லை. கூட்டம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம். "மிஷின் வாசிச்சா எவனும் எழுந்து ஆட மாட்டேங்கிறான்" என்று ஹோட்டலில் புகார். உண்மையான ட்ரம்ஸ் வைத்து அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்றார் லீடர். ட்ரம்மர் கிடைத்துவிட்டதாகவும் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம் என்று முடிவாயிற்று.

1.50க்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடம். அதன் மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. அதற்குள் ட்ரம்ஸ். எதிர்ப்பக்கம் சவுண்டுக்காரரின் அறை. எல்லோருக்கும் ஹெட்போன். ஒருத்தர் வாசிப்பது மற்றவர்களுக்கு அதில்தான் கேட்கும்.

ட்ரம்ஸ் வாசிக்க வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மியூசிக் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். அதனால் நாங்கள் எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். ஸ்டூல் ரொம்பத் தாழ்வு. திருகை நன்றாக முறுக்கி உயர்த்திக்கொண்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

2.20. முதல் டேக்.

டீச்சர் இரண்டு குச்சிகளையும் தட்டினார். 'டக்... டக்... டக்... டக்...' அதற்கு ஒரு நொடி முன்னால், என் ஹெட்போனில் இன்னொரு சத்தம் கேட்டது.

'சர்ர்...'

கம்பியில் என் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். டீச்சரின் ஸ்டூல் அசையவில்லை.

பழைய ஸ்டூல், ஏதாவது சத்தம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் சுத்தமாக வாசித்தார். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து மாதிரி. ஒவ்வொரு அடியும் கோட்டின் மேல். முதல் டேக் முடிந்தது. லீடர் இன்னொரு முறை போகலாம் என்றார்.

2.41. இரண்டாவது டேக்.

பல்லவி முடிந்ததும் வித்தியாசம் தெரிந்தது. ஸ்நேர் அடி தாமதமாக விழ ஆரம்பித்தது. ஒரு இமைப்பொழுது. பிறகு அந்தச் சின்னச் சின்னத் தட்டல்கள்... தோலின் மேல்... ரகசியம் பேசுவது போல.

நன்றாக வாசிக்கிறாரே என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அந்த இடத்தில் டீச்சர் வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் இருந்தது. குச்சியைத் தொடையில் ஊன்றியிருந்தார்.

ஆனால் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது... தட் தட்... தட தட்...

என் கை வியர்த்தது. ஓட ஆரம்பித்தேன். தெரிந்தே ஓடினேன். நிறுத்த முடியவில்லை. ட்ரம்ஸ் கூடவே வந்தது.

பாட்டு முடிந்ததும் லீடர் ஹெட்போனைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக்குவோம்" என்றார்.

டீச்சர் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். நாங்கள் நாலு பேரும் கூடத்தில்தான் நின்றோம். கண்ணாடி அறை காலி. 2.58க்கு டீச்சர் திரும்ப உள்ளே போனார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"யாருங்க என் ஸ்டூல இறக்கினது?"

சவுண்டுக்காரர் சிரித்தார். "உள்ள யாருமே வரலையே டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி திருகை முறுக்கினார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஹெட்போன்ல பேசிட்டே இருக்கிறது நீங்களா?"

"நான் ஒண்ணும் பேசலையே. என்ன கேட்டுச்சு?"

"வாசிக்கிறப்ப பேசாதீங்க, ப்ளீஸ். எனக்குக் குழப்பமா இருக்கு."

"டீச்சர்... என்ன கேட்டுச்சு?"

அவர் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"'இப்ப சரியா இருக்கா, மச்சான்?'னு. திரும்பத் திரும்ப அதையேதான்."

லீடர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. சவுண்டுக்காரர் மட்டும் தன் மிஷினைக் குனிந்து பார்த்தார்.

"பேச்சு லைன் ஆஃப்லதானே இருக்கு..." என்று முணுமுணுத்தார்.

கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அத்தானின் கேள்விக்கு எட்டு மாதம் தண்ணீர் குடித்தவன் நான்.

3.07. மூன்றாவது டேக்.

'சர்ர்...'

ஆரம்பித்தோம்.

முதல் சரணம். ஸ்நேர் தாமதமாக விழுந்தது. இடது கைத் தட்டல் வந்தது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்தேன்.

லீடர் பாடுவதை நிறுத்தினார். நான் நிமிர்ந்தேன்.

டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் முதுகை ஒட்டி. இரண்டு குச்சியும் தரையில் கிடந்தன. கைகள் மார்போடு.

ட்ரம்ஸ் நிற்கவில்லை.

டும்... தட்... டும் டும்... தட்...

சவுண்டுக்காரர் அறையில் பச்சை விளக்குகள் குதித்தன. அடிக்கு ஒரு குதி.

டீச்சர் கதவைத் திறந்து வெளியே ஓடிவந்தார். என் கித்தார் நழுவியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே சத்தமே இல்லை. சிம்பல் அசையவில்லை. தோல் அதிரவில்லை. ஸ்டூலுக்கு அருகில் டீச்சரின் ஹெட்போன் கிடந்தது. அதிலிருந்துதான் வந்தது... மெலிதாக.

எடுத்து மாட்டினேன்.

டும்... தட்...

டும்...

நின்றது.

மூச்சு. ஒரு ஆள் வாசித்துக் களைத்தால் விடும் மூச்சு. காதுக்குள்.

"இப்ப சரியா இருக்கா, மச்சான்?"

கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. சாப்பாட்டு மேஜையில் கேட்ட அதே குரல். தலையைக் குனிந்துகொண்டு கேட்பாரே... அதே குரல்.

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன்.

"சரியா... இருக்கா?"

"அத்தான்" என்றேன். "நீங்க ஓடல. நான்தான் ஓடினேன். நான்தான் ஓடினேன் அத்தான். உங்க மேல பழியப் போட்டுட்டேன்."



மூச்சு மட்டும்.

பிறகு அதுவும் இல்லை.

என் கண் முன்னால் அந்த ஸ்டூல் பின்னால் நகர்ந்தது. ஒரு சாண். சர்ர்...

வாசித்து முடித்தவர் எழுந்துபோவது போல.

திரும்பினேன். கதவில் லீடர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"உன்னை நம்பி..." என்றார். "அந்த மனுஷன் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார்டா. ஒரு வாட்டி வாசிச்சுக் காட்டுறேன்னு கேட்டார். நான் உள்ள இருந்துகிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னேன்."

கீபோர்டை உறையில் போட்டார். டீச்சர் பையைக்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டிருந்தார். சவுண்டுக்காரர் மூன்றாவது டேக்கைப் போட்டுக் காட்டினார். ட்ரம்ஸ் பதிவாக வேண்டிய இடத்தில் முதல் நொடியிலிருந்தே ஒன்றும் இல்லை. வெறும் கோடு. டீச்சர் வாசித்ததுகூட இல்லை. கடைசியில் என் குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

'நான்தான் ஓடினேன்.'

மாலை 6.15க்கு அக்கா வீட்டுக்குப் போனேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். லீடரிடம் நான் சொன்ன பொய்யை முதலில் சொன்னேன். மற்றதைப் பிறகு. அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. கடைசித் துணி முடிந்ததும் பேசினாள்.

"அவருக்கு அது தெரியும்டா."

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"வேலைய விட்டு நிறுத்தின ரெண்டாவது வாரமே அந்த ரெக்கார்ட வாங்கிட்டு வந்து கேட்டார். யார் ஓடினதுன்னு அவருக்குத் தெரியாதா? எனக்கே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்க்கா... என்கிட்ட..."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்றதே அவர்தான். 'இன்னிக்குச் சொல்லிடுவான் பாரு'ம்பார். நீ போனதும் கதவச் சாத்திட்டு, 'பரவால்ல, அடுத்த வாரம்'ம்பார். அப்புறம் போய்ப் பென்சில எடுத்துப்பார். நாளாக நாளாக அவருக்கே சந்தேகம் வந்துடுச்சுடா. தெரிஞ்சும் தன் கையையே நம்பல."

அக்கா எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

நான் பேண்டை விட்டுவிட்டேன். லீடரும் இரு என்று சொல்லவில்லை. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பதினோரு நாள் கழித்து, காலை 10.30க்கு லீடர் போன் செய்தார். டீச்சரின் பை இன்னும் ரெக்கார்டிங் அறையிலேயே கிடக்கிறதாம்.

"நீ பிடிச்ச ஆளுதானே? நீயே கொண்டுபோய்க் குடுத்துடு."

"நான் எங்க பிடிச்சேன்? நீங்கதானே ட்ரம்மர் கிடைச்சாச்சுன்னு சொன்னீங்க?"



"டேய்... அந்தப் பொண்ணுதான் எனக்குப் போன் பண்ணுச்சு. உங்க பேண்டுக்காரர் வரச் சொன்னார்னு. நான் நீன்னுல்ல நெனச்சேன்?"

பையை எடுத்துக்கொண்டு மியூசிக் ஸ்கூலுக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். வாசலிலேயே நின்று கேட்டேன். உங்களுக்கு யார் சொல்லி நீங்கள் வந்தீர்கள்?

"உங்க பேண்டு ட்ரம்மர்தான்" என்றார். "ரெக்கார்டிங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஆபீஸ் போனுக்கு வந்துச்சு. இங்க நோட்டுல எழுதி வச்சிருக்காங்க பாருங்க."

பார்த்தேன். வெள்ளி, காலை 11.20. பேசியவர் பெயர் என்ற இடத்தில் ஒரே வார்த்தை. 'ட்ரம்மர்'.

"தனக்குக் கையில அடி, வாசிக்க முடியல, நீங்க வந்து வாசிக்கணும்னார். ரொம்ப மரியாதையா பேசினார். லீடர் நம்பர் குடுத்தார். செருப்புக் கடைக்குப் பக்கவாட்டுல படி இருக்கும், கடைசிப் படி உடைஞ்சிருக்கும், பாத்து இறங்குங்கன்னுகூடச் சொன்னார்."

அந்தப் படி உடைந்துதான் இருக்கிறது.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதேன்னு கேட்டேன். 'நீங்க தைரியமா வாங்கம்மா, நான் உள்ளேயேதான் இருப்பேன்'னார்."

டீச்சர் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் வந்ததுலேருந்து கிளம்புற வரைக்கும் அவரப் பாக்கவே இல்லையே... யாருங்க அவர்?"